செங்கோட்டை மூன்று கட்டு வீட்டை விட்டு மேக்கரைப் பக்கம் சின்ன ஓட்டு வீட்டுக்கு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

குண்டாறு (இழையைத் தொடங்கியவர்) · மார்ச் 9, காலை 6.12

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுதுவது முதல் முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு செங்கோட்டை ஊருக்குள்ளே. தாத்தா கட்டியது. பத்திரத்தில் கொல்லம் ஆண்டு 1104 என்று இருக்கிறது, அதாவது 1928-29. அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்தப் பக்கம் வந்தோம். திண்ணை, தார்சா, பட்டாசாலை என்கிற பெரிய கூடம், சாமான் அடுக்கி வைக்கிற அரங்கு வீடு, முற்றம், அடுப்பங்கரை, பின்னால் தொழுவம், கிணறு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பதினேழு பேர் பந்தி போட்டுச் சாப்பிட்டது எனக்கே நினைவிருக்கிறது. இப்போது நானும் மனைவியும் மட்டும். எனக்கு 66, அவளுக்கு 61. மகன் சென்னையில், மகள் கோயம்புத்தூரில்.

மச்சில் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. போன ஐப்பசி மழையில் அரங்கு வீட்டின் மூலையில் ஒழுகியிருக்கிறது, எனக்குத் தெரியவே பத்து நாள் ஆயிற்று. கதவைத் திறந்தால் அடுக்கி வைத்திருந்த கோரைப்பாய் எல்லாம் பூசணம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் வீட்டுக்குள்ளேயே நமக்குத் தெரியாமல் ஒன்று பத்து நாளாக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

மேக்கரைப் பக்கம், அடவிநயினார் அணைக்குப் போகிற சாலையை விட்டு உள்ளே, நாற்பது சென்ட் தென்னந்தோப்பும் அதில் 480 சதுர அடி ஓட்டு வீடும் விலைக்கு வருகிறது. ஒரு கூடம், ஒரு அறை, அடுப்பங்கரை, முன்னால் நீளத் திண்ணை. கூடத்தில் நின்றால் மொத்த வீடும் கண்ணில் படும். எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

மனைவி கேட்பது ஒன்றே ஒன்று: பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பார்கள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்படி மாறியவர்கள் என்ன செய்தீர்கள்? நூறு வருஷத்துச் சாமானை எப்படிக் கழித்தீர்கள்? உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

இலஞ்சி மதினி · மார்ச் 9, காலை 7.45

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் இலஞ்சிக்கு வந்து இது ஐந்தாவது வருஷம். முதலில் ஒரு வேலை சொல்கிறேன், செய்து பாருங்கள்.

உங்கள் பட்டாசாலையில் கோலமாவால் அந்தப் புது வீட்டை வரையுங்கள். அடிக்கு அடி, அளவு குறையாமல். சுவர் இங்கே, வாசல் இங்கே, அடுப்பு இங்கே என்று. இடம் பத்தாவிட்டால் முற்றத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள். பத்து நாள் அந்தக் கோட்டுக்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்திருங்கள். கோட்டுக்கு வெளியே போய் எதை எடுத்தாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நாங்கள் இதைச் செய்தோம். பத்து நாளில் நான் போய் எடுத்தது பதினான்கு சாமான். இடியாப்ப உரல், தையல் மிஷின், முறம், ஊறுகாய் ஜாடி இப்படி. எங்கள் வீட்டுக்காரர் எடுத்தது ஏணியும் மண்வெட்டியும் ரேடியோவும். அந்த நோட்டையே லாரிக்காரரிடம் கொடுத்தோம். எழுதாத சாமானில் ஒன்றைக்கூட இந்த ஐந்து வருஷத்தில் நான் தேடவில்லை.

கட்டில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதுவும் புது வீட்டு நிலைக்குள் நுழையுமா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள். எங்கள் தேக்குக் கட்டில் நுழையவில்லை. கழற்ற ஆசாரி வருகிற வரைக்கும் இரண்டு நாள் சாரலில் நனைந்தது.

தேரடி · மார்ச் 9, காலை 9.20

ஐயா, நான் மாற்றிச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். விற்க வேண்டாம்.

நாங்கள் விற்றோம். வாங்கியவர் மூன்றே மாதத்தில் இடித்துக் கடை கட்டிவிட்டார். என் அப்பா அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போகவே இல்லை. கோயிலுக்குக்கூட இரண்டு தெரு சுற்றித்தான் போவார். முட்டி வலியோடு சுற்றிப் போவார். கடைசி வரைக்கும் அப்படித்தான். பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

முன்கட்டை வைத்துக்கொண்டு பின்கட்டை வாடகைக்கு விட்டால் என்ன? ஒரு வருமானமும் ஆகும், வீட்டில் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

குண்டாறு · மார்ச் 9, பகல் 12.30

தேரடி ஐயா, நீங்கள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

வாடகைக்கு விட்டுப் பார்த்தோம். இந்த மாதிரி வீட்டில் நடை ஒன்றுதான், கிணறு ஒன்றுதான். வந்த குடும்பம் நல்ல குடும்பம்தான், ஆனால் அவர்கள் எங்கள் அடுப்பங்கரையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அவர்களுக்கும் கூச்சம், எங்களுக்கும் கூச்சம். ஒரு வருஷத்தில் காலி செய்தார்கள். இன்னொன்று, இது என் ஒருவன் வீடு இல்லை. அக்கா புனலூரில், தங்கை திருநெல்வேலியில். அவர்கள் பங்கை நான் பராமரிக்கிறேன் என்ற பெயரில் ஒழுகவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிட்டா அடங்கல் · மார்ச் 9, மாலை 4.05

அதைத்தான் கேட்க நினைத்தேன். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் மகன், மகள்கள், உயிரோடிருந்தால் தாய், எல்லாருக்கும் சம பங்கு. பட்டா இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் விலை பேசுவதற்கு முன்பே வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு இதைத் தொடங்கியவர்கள் பட்ட பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். அக்கா, தங்கை தங்கள் பங்கை உங்களுக்கே விட்டுத்தர முன்வந்தால் விடுதலைப் பத்திரம். இல்லையென்றால் மூவரும் சேர்ந்தே கிரயம் எழுதிக் கொடுங்கள், அதுதான் சுத்தம்.

உங்கள் தாலுகாவில் 1956-க்கு முந்திய பத்திரங்களில் மலையாளமும் கொல்லம் ஆண்டும் வரும். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில வருஷம். அந்தப் பத்திரங்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கையில் வைத்திருங்கள். வாங்குபவரின் வங்கி கேட்கும்.

அப்புறம் நீங்கள் வாங்கப்போகிற இடம். பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். வில்லங்கம் முப்பது வருஷத்துக்காவது போட்டுப் பாருங்கள். மேற்கு மலையடிவாரத்தில் பல கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன, ஹாக்கா என்பார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால் புதிதாக ஒரு அறை இழுத்துக் கட்டவும் தனி அனுமதி வேண்டும். வாங்கிவிட்டுப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து இறங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டு விலையோடு இந்த ஒன்பதையும் சேர்த்தே பணம் எடுத்து வையுங்கள்.

தென்மலை ரப்பர் · மார்ச் 9, இரவு 8.50

நான் ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், தென்மலைக்காரன். மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம், வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். யாராவது கேரளப் பக்கம் சின்ன வீடு தேடுவதாக இருந்தால் ஒரு வார்த்தை: வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டில் இடம் 'நிலம்' என்று இருக்கிறதா, 'புரையிடம்' என்று இருக்கிறதா பாருங்கள். நமக்கு நிலம் என்றால் எல்லா நிலமும் நிலம்தான். இங்கே அந்தச் சொல்லுக்கு வயல் என்று பொருள். 2008-இல் வந்த நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதில் வீடு கட்டுவது லேசில்லை. தோட்டமாக இருந்து துண்டு போட்டு விற்கிற இடத்திலும் வழக்கு நிறைய. வீடு கட்டி, கரம் (வரி) கட்டி, ஆள் குடியிருக்கிற இடமாகப் பார்த்து வாங்குங்கள்.

ஓட்டுக்கொத்தன் · மார்ச் 10, காலை 5.55

ஓட்டு வேலை என் தொழில், அதனால் ஓட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தில் மழை மேலிருந்து விழுவதில்லை, ஆனி ஆடியில் கணவாய்க் காற்றோடு பக்கவாட்டில் வரும். அதனால் ஓட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இறவாரத்தைப் பாருங்கள். சுவரை விட்டு இரண்டரை அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். மேற்குச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். தரையிலிருந்து முட்டளவு வரை பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால், அந்தச் சுவர் வருஷா வருஷம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மரம். ஒரு ஆணியை எடுத்துச் சட்டத்தின் நுனியில், சுவரில் உட்கார்கிற இடத்தில் குத்துங்கள். நடுவில் குத்திப் பயனில்லை, நடு எப்போதும் நன்றாகவே இருக்கும். நுனியில் ஆணி இறங்கினால் கறையான் உள்ளே இருக்கிறது. தேக்கு, அயினி, முற்றிய பனை என்றால் இன்னொரு ஐம்பது வருஷம் நிற்கும். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் கறையான் அண்டாது, கொல்லம் பக்கத்திலிருந்து வரும். கை பொத்துவிடும், உறை போட்டுக்கொண்டு பூசச் சொல்லுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை, வைகாசி முடிவதற்குள் ஓட்டைப் பிரித்து மேய வேண்டும். இதற்கு ஆள் கிடைக்கிற ஊரா என்று விசாரியுங்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறோம்.

வடகரை விவசாயி · மார்ச் 10, காலை 8.15

நீங்கள் சொல்கிற இடம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நல்ல மண், நல்ல தண்ணீர். ஆனால் தோப்புக்குள் தனி வீடு என்றால் யானையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

மலையிலிருந்து இறங்கி வரும். தென்னங்குருத்து, வாழை, மா, பலா எல்லாம் அதற்கு வேண்டும். என் தோப்பில் ஒரே ராத்திரியில் பதினோரு இளந்தென்னையைப் பிடுங்கிப் போட்டது. காலையில் போய்ப் பார்த்தால் குருத்தை மட்டும் சுத்தமாகத் தின்றுவிட்டு மட்டையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதன் வழியில் நாம் இருக்கிறோம். ஆனால் வயதான இருவர் தனியாக, ராத்திரி கழிவறைக்கு வெளியே போகிற வீட்டில் இருப்பது வேறு விஷயம். பன்றி தினமும் வரும்.

வீட்டை ஒட்டி வாழையும் பலாவும் இருந்தால் எடுத்துவிடுங்கள். சூரிய மின்வேலி போடுவதாக இருந்தால் 2023-இல் வந்த விதிப்படி வனத்துறையிடம் பதிய வேண்டும். நேரடிக் கரண்ட் கம்பியை யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். யானையும் சாகும், மனிதனும் சாவான்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 10, காலை 11.40

வீடு விற்கிற லாபத்துக்கான வரி பற்றி யாரும் எழுதவில்லையே. பூர்வீக வீட்டுக்கு 1-4-2001 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு மதிப்பீட்டாளரின் சான்று வாங்கி வையுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன்பே உங்கள் கைக்கு வந்த வீடு என்பதால் இரண்டு வழி உண்டு: பணவீக்கக் கணக்கு போடாமல் 12.5 சதவீதம், அல்லது போட்டு 20 சதவீதம். எது குறைவோ அது.

விற்ற இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு லாபத்தில் வரி இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும். நீங்கள் வாங்குவது நாற்பது சென்ட் தோப்பு, அதில் ஓரத்தில் ஒரு வீடு. தோப்பு முழுவதையும் வீடு என்று கணக்கில் காட்ட முடியாது. வீட்டுக்கும் தோப்புக்கும் விலையைப் பத்திரத்தில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மீதி லாபத்தை ஆறு மாதத்துக்குள் அதற்கென்று உள்ள கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம், ஐந்து வருஷம் எடுக்க முடியாது. உங்கள் வயதில் அந்த ஐந்து வருஷம் முக்கியம். மருத்துவத்துக்கு என்று ஒரு தொகையை வரியே கட்டினாலும் பரவாயில்லை என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் பங்கும் தனித்தனிக் கணக்கு என்பதை அக்கா, தங்கையிடமும் சொல்லிவிடுங்கள்.

கம்பம் பேத்தி · மார்ச் 10, இரவு 10.10

நான் உங்கள் மகள் இடத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பா அம்மா கம்பத்தில் இருந்த பெரிய வீட்டை விட்டுக் கூடலூரில் திராட்சைத் தோட்டம் ஓரமாக இரண்டு அறை வீட்டுக்குப் போனார்கள். நான் பெங்களூரில் இருந்தேன். வீடு விலை பேசி முடிந்த பிறகுதான் போனில் சொன்னார்கள். "உனக்கு எதுக்கு வீண் கவலைன்னு சொல்லல" என்றார் அப்பா.

அங்கிள், படுக்க இடம் இல்லாதது எனக்கு ஒரு நாளும் கஷ்டமாக இருந்ததில்லை. பாயை விரித்தால் ஆயிற்று. எனக்கு வலித்தது அந்த வீட்டுக்கு ஒரு முறை கடைசியாகப் போக முடியாமல் போனது. சாவி கொடுத்த பிறகு, வெளியே தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். என் மச்சுப்படிக்குக் கீழே ஒரு சின்ன அலமாரி இருந்தது, அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் நினைவில்லை. காலி செய்தவர்கள் எடைக்குப் போட்டிருப்பார்கள்.

விற்பதற்கு முன் பிள்ளைகளை வரச் சொல்லுங்கள். நாலு நாள் லீவு போடச் சொல்லுங்கள். அவர்கள் பொருளை அவர்களே எடுக்கட்டும்.

குண்டாறு · மார்ச் 11, காலை 6.30

கம்பம் மகளே, நேற்றிரவே இருவருக்கும் போன் செய்துவிட்டேன். சித்திரையில் வருகிறார்கள்.

கோலமாவு வாங்கியாயிற்று, மதினி.

குண்டாறு · மார்ச் 14, பகல் 2.20

இது அவருடைய மனைவி எழுதுவது. அவர் தூங்குகிறார், அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். எல்லாரும் நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று நான் கேட்டது உண்மைதான். ஆனால் மூன்று நாளாக இந்தக் கோலக்கோட்டுக்குள் இருந்து பார்த்த பிறகு, நான் கேட்க நினைத்தது அது இல்லை என்று எனக்கே தெரிந்தது.

நான் பயப்படுவது ராத்திரியை. இந்தப் பெரிய வீடு எவ்வளவு ஒழுகினாலும் இங்கே நான் திண்ணையில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலு வீட்டில் விளக்கு எரியும். முந்தின வருஷம் அவருக்கு நெஞ்சு அடைத்தது. ராத்திரி ஒன்றே முக்கால் மணி. எதிர் வீட்டுப் பையன் லுங்கியோடு ஓடி வந்து ஆட்டோவைக் கிளப்பினான். தென்காசி ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷத்தில் போய்விட்டோம். டாக்டர் நேரத்தோடு வந்தீர்கள் என்றார். அந்தத் தோப்புக்குள் நான் யாரைக் கூப்பிடுவேன்? அந்த வீட்டுக்கு ஆட்டோ போகிற பாதைகூட மழையில் சகதி.

எனக்குச் சின்ன வீடு பிடிக்காமல் இல்லை. இந்த மூன்று நாளில் என் முட்டி வலி பாதி குறைந்திருக்கிறது. அடுப்பிலிருந்து கை நீட்டினால் தண்ணீர். எனக்கு வேண்டியது சத்தம் கொடுத்தால் கேட்கிற தூரத்தில் ஒரு மனுஷி. அவ்வளவுதான். இதை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வரவில்லை, அந்த மலையைப் பார்த்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இலஞ்சி மதினி · மார்ச் 14, பகல் 3.00

அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. நாங்கள் இலஞ்சியில் தெருவுக்குள் வீடு எடுத்ததும் இதனால்தான்.

வடகரை விவசாயி · மார்ச் 14, மாலை 5.30

அம்மா, நான் யானையைப் பற்றி எழுதினேன், நீங்கள் மனிதரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். பண்பொழி, வடகரை, அச்சன்புதூர் எல்லா ஊரிலும் கடைசித் தெருவில் பழைய ஓட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் விற்க நினைப்பவர்கள் உண்டு. திண்ணையில் உட்கார்ந்தால் அதே மலைதான் தெரியும். தரகரிடம் போவதற்கு முன் டீக்கடையில் விசாரியுங்கள்.

ஓட்டுக்கொத்தன் · மார்ச் 14, இரவு 7.15

முதலில் ஒரு ஆனி ஆடியும் ஒரு ஐப்பசி கார்த்திகையும் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பேன். பங்குனியில் பார்த்தால் எல்லா ஓட்டு வீடும் அழகாகத்தான் இருக்கும்.

சிட்டா அடங்கல் · மார்ச் 15, காலை 9.00

இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை இருவரில் யாருக்காவது இருந்தால் போகிற ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருவார்கள், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. முகவரி மாறியதும் ரேஷன் அட்டையை மாற்ற மறக்க வேண்டாம்.

குண்டாறு · ஏப்ரல் 27, காலை 6.05

ஒன்றரை மாதமாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மனைவி எழுதியதை அன்று மாலை படித்தேன். தோப்புக்காரரிடம் மறுநாளே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பண்பொழியில் கடைசித் தெருவில் ஒரு வீடு, 520 சதுர அடி, எதிரும் புதிருமாக ஆள் இருக்கிற தெரு. ஒரு வருஷம் வாடகை, பிடித்தால் கிரயம் என்று பேசியிருக்கிறோம். வைகாசியில் ஓடு மேய்ந்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள். செங்கோட்டை வீட்டைப் பற்றி மூவரும் உட்கார்ந்து பேசினோம். இடித்துக் கடை கட்டாமல் குடியிருக்க வாங்குபவருக்குத்தான் கொடுப்பது, அதற்கு விலை குறைந்தாலும் சரி, வருஷம் ஆனாலும் சரி என்று அக்காவும் தங்கையும் ஒத்துக்கொண்டார்கள். தேரடி ஐயா, உங்கள் அப்பா சுற்றிப் போன அந்த இரண்டு தெருவைப் பற்றி நான்தான் அவர்களிடம் சொன்னேன்.

சாமான் விஷயம். அரங்கு வீட்டில் வெண்கலமும் பித்தளையுமாக அறுபத்து மூன்று பாத்திரம் இருந்தது. எடைக்குப் போட மனசு இல்லை, வைத்துக்கொள்ள இடமும் இல்லை. ஒவ்வொன்றையும் புளி போட்டுத் தேய்த்து முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்தாள் மனைவி. அப்போதுதான் கழுத்தோரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயர்கள் தெளிந்தன. கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, பால் காய்ச்சியதற்கு என்று யார் யாரோ கொடுத்தவை. மனைவிதான் சொன்னாள், பெயர் யாருடையதோ அவர்கள் வீட்டுக்கே போகட்டும் என்று.

சித்திரையில் பிள்ளைகள் வந்தபோது நாலு நாளும் இதே வேலை. மகன் ஓட்டினான், நானும் பேத்தியும் பின்னால். கடையநல்லூர், சுரண்டை, புளியரை, பாவூர்சத்திரம் என்று முப்பத்தோரு வீடு. ஒரு வீட்டில் ஒரு ஆச்சி தூக்குவாளியைக் கையில் வாங்கி எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க அண்ணன் பேரு, அவன் போயி அம்பது வருஷம் ஆச்சே" என்றார். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை.

மீதி கோயில் அன்னதானத்துக்கு. தாத்தாவின் பழைய அச்சுப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுவிட்டு மகன் எடுத்துப் போகிறான். பத்து நாள் நோட்டில் எங்கள் இருவருக்கும் சேர்த்து வந்தது இருபத்திரண்டு சாமான்.

ஒரே ஒரு பாத்திரம் நிற்கிறது. ஒரு சருவம், நல்ல கனம். எழுத்து மலையாளம் போலத் தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன். தென்மலை நண்பர் பார்த்துச் சொல்ல முடியுமா?

தென்மலை ரப்பர் · ஏப்ரல் 27, காலை 9.35

மலையாளம்தான். முதல் இரண்டு எழுத்து 'பு. தெ.' அதற்குக் கீழே 1107, பிறகு 'இடவம்' என்று மாதம். நம் வைகாசி. ஆங்கிலத்துக்கு 1932 மே, ஜூன். பு என்பது ஊராக இருந்தால் புனலூராக இருக்கலாம். உங்கள் அக்கா அங்கேதானே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

குண்டாறு · ஏப்ரல் 27, இரவு 8.00

அக்காவிடம் கேட்டேன். எங்கள் ஆச்சி பிறந்த ஊர் புனலூர். கல்யாணம் ஆகி ரயிலில் கணவாய் தாண்டி வந்ததாகச் சொல்வார். அது எந்த வருஷம் என்று எங்களில் யாருக்கும் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது. தெ யாருடைய பெயரின் முதல் எழுத்து என்று அக்காவுக்கும் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க வீடு இல்லாத பாத்திரம், எங்களோடு பண்பொழிக்கு வருகிறது. மிக்க நன்றி, ஐயா.

குண்டாறு · ஆகஸ்ட் 18, காலை 7.10

குடி வந்து இரண்டரை மாதம். ஓட்டுக்கொத்தன் அவர்களே, இறவாரத்தை இரண்டு அடி நீட்டச் சொன்னேன், அந்த அரையடி குறைந்ததற்கு மேற்குச் சுவர் பதில் சொல்கிறது. அடுத்த வைகாசியில் நீட்டிவிடுகிறேன். துணி காயவில்லை, தீப்பெட்டி நமுத்துப்போகிறது, உப்பு நீர் விடுகிறது. இதையும் எழுதாவிட்டால் சரியாக இருக்காது. 

சாரலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். மகன் குடும்பம் பொதிகையில், மகள் குடும்பம் காரில். மொத்தம் ஒன்பது பேர். பெண்களும் குழந்தைகளும் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். நான் அறையில், மகனும் மருமகனும் திண்ணையில் படுதா இறக்கிக்கொண்டு. மூன்றாம் நாள் ராத்திரி காற்று திரும்பி அவர்கள் போர்வை முழுக்க நனைந்துவிட்டது. எதிர் வீட்டில் மச்சைத் திறந்துவிட்டார்கள், மீதி இரண்டு நாள் அங்கே படுத்தார்கள். பேத்தி ஊருக்குக் கிளம்பும்போது அடுத்த லீவுக்கு அவளும் மச்சில்தான் படுப்பாளாம்.

சருவம் திண்ணையில் இருக்கிறது. வருகிறவர்கள் கால் கழுவத் தண்ணீர்.

செங்கோட்டை வீட்டுக்கு இன்னும் ஆள் அமையவில்லை. வாரம் ஒரு நாள் போய் எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு வருகிறேன்.

தேரடி · ஆகஸ்ட் 18, காலை 8.25

குடியிருக்க வீடு தேடுகிற ஒரு ஆசிரியர் குடும்பம் எனக்குத் தெரியும். தனிச்செய்தியில் எழுதுகிறேன்.

குண்டாறு · ஆகஸ்ட் 19, காலை 6.40

அவருடைய மனைவி. நேற்று ராத்திரி காற்றில் கரண்ட் போய்விட்டது. தெருவே இருட்டு. எதிர் வீட்டிலிருந்து "யக்கா, மெழுகுவர்த்தி இருக்கா, கொண்டு வரவா" என்று சத்தம் வந்தது. இருக்கிறது என்று படுத்த இடத்திலிருந்தே சொன்னேன்.